ஆயிரம் லிங்க் வாங்குவதா, ஐந்து லிங்க் சம்பாதிப்பதா? அறுகம்பை விடுதிக்கும் மருதமுனைச் சாரத்துக்கும் ஒரு கணக்கு

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாவது, இலங்கையின் கிழக்குக் கரையில், அறுகம்பையில் ஆறு அறைகளோடு விடுதி நடத்தும் அக்கா. "தம்பி, ஆயிரம் லிங்க் போட்டுத் தாறாங்களாம். மூணு மாசத்துல கூகுள்ல முதல் பக்கமாம். எடுக்கவா விடவா?" இரண்டாவது, மருதமுனையில் தறி போட்டுச் சாரமும் (லுங்கி) சேலையும் நெய்து விற்கும் காக்கா. அவருக்கும் அதே மாதிரி ஒரு போன். பக்கேஜின் பெயர் மட்டும் வேறு. லிங்க் என்று அவர்கள் சொல்வது, வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பை.

இருவருக்கும் இணையத்தளம் இருக்கிறது. ஆள் வருவதில்லை. நான் கல்லடியில் இருந்து சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறவன். பதிலை வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன்; பன்னிரண்டு நிமிடம் ஓடியது. இருவரில் ஒருவரும் கேட்டு முடித்ததாகத் தெரியவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லிங்க் பக்கேஜ்தான் எப்போதும் வெல்லும். அதனால் விலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நாலு விசயத்தைப் பார்க்கலாம்.

முதலாவதும் முக்கியமானதும்: தேடுகிற ஆள் அந்த நேரம் எங்கே இருக்கிறார்? அறுகம்பை மெயின் றோட்டில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, போனில் அறை தேடுகிறவர் ஒருவர். பெப்ரவரிக் குளிரில் ஜெர்மனியில் இருந்துகொண்டு, ஜூலையில் சேர்ஃபிங் போக எந்தக் கடற்கரை நல்லது என்று பார்க்கிறவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் தேவை அதே அக்காவின் அறைதான். ஆனால் முன்னவரின் திரையில் கூகுள் மேப்பைக் காட்டும், பின்னவரின் திரையில் பயணக் கட்டுரைகளைக் காட்டும். ஒன்றுக்குச் செய்த வேலை மற்றதற்குப் பாதிதான் உதவும்.

இரண்டாவது, காசையோ வேலையையோ நிறுத்தினால் என்ன மிஞ்சும். மூன்றாவது, பலன் தெரிய எவ்வளவு நாள். நான்காவது, பிழைத்துப்போனால் அடி யாருக்கு. விற்றவருக்கா, உங்கள் தளத்துக்கா.

## கூகுள் ஏன் லிங்க்கைப் பெரிதாக எடுத்தது

லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது செய்த ஆராய்ச்சிதான் 1998 இல் கூகுள் நிறுவனமானது. ஒரு பக்கத்தை நோக்கி வேறு பக்கங்கள் தரும் லிங்க்கை அவர்கள் சிபாரிசாகக் கணக்கெடுத்தார்கள். எல்லாச் சிபாரிசுக்கும் ஒரே எடை இல்லை. தன்னைப் பலரும் கைகாட்டும் ஒரு பக்கம் உங்களைக் கைகாட்டினால் எடை கூட. அதே பக்கம் நூறு பேரைக் கைகாட்டினால், அந்த எடை நூறாகப் பிரியும்.

நம் ஊரில் கலியாணத்துக்கு விசாரிப்பது மாதிரித்தான். புரோக்கர் அரை மணி நேரம் புகழ்ந்தாலும் தாய் தகப்பன் தலையாட்டிவிட்டு, மெல்லப் போய்ப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்பார்கள். ஆச்சி "நல்ல புள்ளதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புரோக்கர் காசு வாங்குகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். கூகுளுக்கும் இப்போது தெரியும். பக்கத்தின் உள்ளடக்கம், வேகம், தேடுகிறவரின் இடம், மொழி என்று பல விசயங்கள் பிறகு சேர்ந்துவிட்டன. இருந்தாலும் ஆச்சியின் வார்த்தைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

| | லிங்க் பக்கேஜ் | லிங்க் சம்பாதிப்பது | மேப் பதிவு | விளம்பரம் |
|---|---|---|---|---|
| கைக்காசு | மாதாமாதம் | குறைவு | இல்லை | ஒவ்வொரு கிளிக்குக்கும் |
| உங்கள் நேரம் | இல்லை | நிறைய | கொஞ்சம், ஆனால் விடாமல் | நடுத்தரம் |
| பலன் தெரிய | வந்தால் வாரங்கள், பெரும்பாலும் இல்லை | 4 மாதம் முதல் ஒரு வருடம் | சில வாரங்கள் | அன்றே |
| நிறுத்தினால் | ஒன்றுமில்லை, சிலவேளை சேதம் | நிற்கும் | கொஞ்ச காலம் நிற்கும் | அன்றே நின்றுவிடும் |
| மறைவான செலவு | துப்புரவு வேலை | படம், எழுத்து, டொமைன் (தள முகவரி) உரிமை | விமர்சனங்களுக்குப் பதில் | டொலர் விலை |
| யாரைப் பிடிக்கும் | யாரையும் இல்லை | தூரத்தில் திட்டமிடுகிறவர் | பக்கத்தில் நிற்கிறவர் | இன்றைக்கே வேண்டியவர் |

## லிங்க் பக்கேஜ் வாங்குவது

காசு கட்டினால் மாதக் கடைசியில் ஒரு எக்செல் தாள் வரும். ஆயிரம் முகவரிகள். திறந்து பார்த்தால், பாதி எந்த மனிதரும் வாசிக்காத தளங்கள். கொஞ்சம், சொந்தக்காரர் கைவிட்ட பழைய டொமைன்களை ஏலத்தில் எடுத்து உயிர் கொடுத்தவை. மீதி, சூதாட்டமும் மருந்தும் சாரமும் ஒரே பக்கத்தில் விற்கும் பட்டியல்கள். "டி.ஏ. 50க்கு மேல்" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது மோஸ் என்ற தனியார் நிறுவனம் ஒரு தளத்தின் பலத்துக்குத் தன் கணக்கில் கொடுக்கும் எண். கூகுள் தன் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை.

தரவரிசையை ஏற்றுவதற்காகக் காசு கொடுத்து லிங்க் வாங்குவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. இது புதுச் செய்தி இல்லை. 2011 இல் அமெரிக்காவின் பெரிய கடைச் சங்கிலியான ஜே.சி. பென்னி இப்படிப் பிடிபட்டது நியூயோர்க் டைம்ஸில் வந்தது; தேடலில் அதன் இடங்கள் சரசரவென்று இறங்கின. 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இப்படிப்பட்ட லிங்க் வைத்திருந்த தளங்களைக் கீழே தள்ளியது. 2016 இல் பெங்குவின் கூகுளின் முதன்மைக் கணிப்பின் ஒரு பகுதியாகவே ஆனது. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெயின் என்ற தங்கள் இயந்திரக் கற்றல் முறையைக் கொண்டு, வாங்கிய லிங்க்குகளைச் செல்லாததாக்கத் தொடங்கியதாகக் கூகுளே அறிவித்தது.

இங்கேதான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். "தண்டிச்சா பார்ப்போம்" என்கிறார்கள். இப்போது பெரும்பாலும் தண்டிப்பதில்லை, எண்ணாமல் விட்டுவிடுகிறது. என்னைக் கேட்டால் இது அதைவிட மோசம். தண்டனை வந்தாலாவது, தளச் சொந்தக்காரருக்குக் கூகுள் இலவசமாகத் தரும் செர்ச் கன்சோல் என்ற கருவியில் அறிவித்தல் வரும். எண்ணாமல் விட்டால் ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் மாதாமாதம் காசு கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

எனக்கும் சூடு பட்டிருக்கிறது. தொழிலைத் தொடங்கிய காலத்தில் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடைக்காக நானே ஒரு பக்கேஜ் எடுத்தேன். மூன்று வாரம் மேலே வந்தது. கடைக்காரர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். இரண்டாம் மாதம் தளம் இருந்த இடத்தைவிடக் கீழே போனது. விற்றவர்களைக் கேட்டபோது, லிங்க்கைக் கழற்றுவதற்கு வேறு பக்கேஜ் இருக்கிறது என்றார்கள். மாட்டவும் காசு, கழற்றவும் காசு. கடைசியில் அந்த முகவரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இவற்றைக் கணக்கெடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியில் நானே ஏற்றினேன். அதற்குப் போன இரவுகளை யாருக்கும் பில் போட முடியவில்லை. சாப்பாடு வேறு சாப்பிட்டிருந்தேன்.

காசு கொடுத்து லிங்க் போடுவதில் தப்பில்லாத இடம் ஒன்று உண்டு. கல்முனையில் நடக்கும் ஒரு கால்பந்துச் சுற்றுப்போட்டிக்கு அனுசரணை கொடுக்கிறீர்கள், அவர்கள் தளத்தில் உங்கள் பெயர் வருகிறது. அல்லது ஒரு செய்தித் தளத்தில் விளம்பரக் கட்டுரை போடுகிறீர்கள். அந்த லிங்க்கில் 'ஸ்பொன்சர்ட்' என்ற குறியைப் போடச் சொல்லுங்கள்; 2019 இல் கூகுள் இதற்கென்றே கொண்டுவந்த குறி அது. தரவரிசை ஏறாது. ஆனால் அதைப் பார்க்கிற கண் உண்மையான கண். கண்ணுக்காக வாங்குவதென்றால் வாங்கலாம், கூகுளுக்காக வாங்காதீர்கள்.

## லிங்க் சம்பாதிப்பது

இது மெதுவான வழி. தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலையின் பலன் தெரியப் பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்று கூகுளின் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். நம் கரைக்கு இந்தக் கணக்கு முக்கியம். அறுகம்பை சீசன் ஏப்ரல், மே அளவில் தொடங்கி ஒக்டோபர் அளவில் முடிகிறது. பாசிக்குடாவும் ஏறக்குறைய அப்படித்தான். சீசன் தொடங்கிய பிறகு "இப்ப ஏதாவது செய்ங்க தம்பி" என்று வந்தால், நான் செய்வது அடுத்த வருடத்துக்குத்தான். வாடை மழை தொடங்கும் ஒக்டோபர், நவம்பரில், அறைகள் காலியாகக் கிடக்கும்போது எழுத உட்கார வேண்டும்.

எதை எழுதுவது? "எங்கள் விடுதிக்கு வாருங்கள், சுத்தமான அறைகள்" என்ற பக்கத்துக்கு உங்கள் மச்சான்கூட லிங்க் கொடுக்கமாட்டார். அடுத்தவர் தன் வாசகரிடம் "இதைப் பாருங்கள்" என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். மட்டக்களப்புக் கடலில் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது. ஐம்பது மீற்றருக்கும் ஆழம், புதிதாகச் சுழியோடப் பழகுகிறவர் போகக்கூடிய இடமில்லை. எந்த மாதத்தில் தண்ணீர் தெளியும், எந்தத் தகுதி வேண்டும், கரையிலிருந்து படகில் எவ்வளவு நேரம், காலையில் காற்று எப்போது எழும்பும்: இதை ஊரில் இருந்து, படகுக்காரரிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கத்துக்குச் சுழியோடிகளும் போர்க்கப்பல் வரலாற்றில் பைத்தியம் பிடித்தவர்களும் லிங்க் கொடுப்பார்கள். அந்த வரலாற்றுக்காரர் அறை எடுக்கமாட்டார், உண்மைதான். ஆனால் அவர் கொடுத்த எடை, உங்கள் தளத்தின் அறைப் பக்கத்துக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். உள்ளே ஒரு பக்கத்திலிருந்து மற்றதற்கு ஒழுங்காக லிங்க் போட்டிருந்தால்.

அறுகம்பை அக்காவுக்கு இதைவிடப் பக்கத்திலேயே விசயம் இருக்கிறது. உகந்தை முருகன் கோயில், அதன் பக்கத்தில் குமண சரணாலயத்தின் வாசல், கதிர்காமத்துக்கு அந்தக் காட்டு வழியால் நடக்கும் பாதயாத்திரை. பாதயாத்திரை பற்றித் தமிழில் பக்திக் கட்டுரை ஏராளம். எங்கே தண்ணீர் எடுக்கலாம், எந்தச் செருப்பு தாங்கும், காட்டுக்குள் எத்தனை இரவு என்று எழுதியது குறைவு. போய் வந்த ஒரு மாமி வீட்டு விறாந்தையில் இருந்தால், பேட்டியே தயார்.

லிங்க் கேட்டு வாங்கவும் தெரிய வேண்டும். உங்கள் விடுதியின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். உங்களிடம் தங்கிய யாரோ எழுதியிருப்பார், பெயர் மட்டும் இருக்கும், லிங்க் இருக்காது. "நீங்கள் எழுதியதை வாசித்தோம், சந்தோசம், எங்கள் முகவரியைச் சேர்த்துவிட முடியுமா" என்று இரண்டு வரி எழுதினால் பாதிப் பேராவது சேர்த்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். பக்கத்துச் சேர்ஃபிங் பள்ளி, வான் ஓடும் தம்பி, லண்டனிலும் டொரொன்டோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் நியாயமான இடங்கள். உண்மையில் சேர்ந்து தொழில் செய்கிற இருவர் பரஸ்பரம் லிங்க் போட்டால் பிரச்சினை இல்லை. முப்பது பேர் வட்ஸ்அப் குழு வைத்து மாறி மாறிப் போட்டால், அது வாங்கியதற்குச் சமம்.

பேஸ்புக், யூடியூப், விக்கிப்பீடியா லிங்க்குகளை இதில் எண்ண வேண்டாம். அவற்றில் 'நோஃபாலோ' குறி இருக்கும். சிபாரிசாக எண்ணாதே என்பதற்காக 2005 இல் வந்த குறி. ஆள் வரலாம், எடை பெரும்பாலும் வராது.

மறைவான செலவுகள் இந்த வழியில்தான் கூட. நேரம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, உங்கள் பக்கம் சொல்லும் பதில் ஒரு வரியில் அடங்குமென்றால், 2024 இலிருந்து கூகுள் அதைத் தானே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமாக மேலே எழுதிவிடுகிறது. வாசிக்கிறவர் உங்கள் பக்கத்துக்கு வரவே தேவையில்லை. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டிய வருடம் 1628 என்று எழுதினால் ஒரு ஆளும் வராது. கோட்டைக்குள் எந்த மூலையிலிருந்து வாவி நன்றாகத் தெரியும் என்று எழுதினால் வரும்.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். டொமைன் யார் பெயரில் இருக்கிறது? இங்கே பல கடைகளுக்குத் தளம் செய்து கொடுத்த பொடியன் தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்துவிடுகிறான். பிறகு கட்டாருக்குப் போய்விடுகிறான். புதுப்பிக்கும் மின்னஞ்சல் அவனுக்குப் போகிறது, அவன் பார்ப்பதில்லை, டொமைன் காலாவதியாகிறது. ஐந்து வருடம் சேர்த்த லிங்க் எல்லாம் அந்த முகவரியை நோக்கித்தான் இருக்கும். யாராவது அதை எடுத்து, மேலே சொன்ன ஆயிரம் தளங்களில் ஒன்றாக்கிவிடுவார். இந்தக் கட்டுரையில் வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் இன்றைக்குப் பார்த்துவிடுங்கள். முகவரியை மாற்றத்தான் வேண்டுமென்றால், பழையதைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திருப்பிவிடல் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர் நம்மைப் பற்றிச் சொல்வார்கள். லிங்க் ஆளை வாசல் வரைக்கும்தான் கொண்டுவரும். பாயோடு ஒட்ட வைப்பது பக்கத்தின் வேலை. ஐந்து எம்.பி. போட்டோவை அப்படியே ஏற்றிய முகப்புப் பக்கம், பொத்துவில் போன் சிக்னலில் திறக்குமுன் ஆள் எழும்பிப் போய்விடுவார். முக்கியமான பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிவதுதான் நல்ல பக்கம் என்பது கூகுளின் அளவு.

## மேப்பில் கடையை நிறுத்துவது

கூகுள் பிஸ்னஸ் புரொஃபைல் இலவசம். ஏற்கெனவே ஊரில் இருந்துகொண்டு தேடுகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பொருத்தம், தூரம், பெயர் பெற்றிருப்பது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் மேப்பில் யாரை முன்னால் காட்டுவது என்று முடிவாகிறது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. தொழில் வகையைச் சரியாகத் தெரிவுசெய்வதும், விமர்சனம் சேர்ப்பதும் உங்கள் கையில். பெயர் பெற்றிருப்பதில் மற்றத் தளங்களின் லிங்க்கும் சேர்கிறது, ஆகவே இரண்டாம் வழியில் செய்த வேலை இங்கேயும் கொஞ்சம் பேசும்.

நம் பக்கத்தில் ஒரு தொல்லை, எழுத்துக்கூட்டல். பாசிக்குடாவை ஆங்கிலத்தில் ஒரு எஸ் போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு எஸ் போட்டும் எழுதுகிறார்கள், கடைசியில் எச் வைத்தும் வைக்காமலும். பெயர்ப்பலகையில் ஒன்று, தளத்தில் ஒன்று, மேப்பில் ஒன்று என்று இருந்தால் ஒரே கடை மூன்று கடையாகத் தெரியலாம். ஒன்றைத் தெரிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

சொந்தக்காரரைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுவிப்பதும், விமர்சனத்துக்குப் பதிலாகத் தள்ளுபடி கொடுப்பதும் விதிக்கு மாறானவை. கெட்ட விமர்சனம் வந்தால் ஒரு இரவு தூங்கிவிட்டுப் பதில் எழுதுங்கள். இதுதான் இந்த வழியின் உண்மையான செலவு.

## விளம்பரம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காசு போட்டால் வரும், நிறுத்தினால் போகும். விளம்பரம் கொடுத்தால் சாதாரணத் தேடலிலும் மேலே வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கூகுள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. விளம்பரக் காசு கார்டில் போகிறது. 2022 இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் 360 அளவுக்குப் போனபோது, விளம்பரத்தை மட்டுமே நம்பியிருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெருநாளுக்கு இரண்டு வாரம் முன் சரக்கு விற்க, சீசன் நடுவில் திடீரென்று காலியான அறையை நிரப்ப: இந்த மாதிரி நேரங்களுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை.

## இருவருக்கும் சொன்னது

அக்காவுக்கு: மேப்பை இந்த வாரமே சரிசெய்யுங்கள், பக்கேஜை விடுங்கள். ஒக்டோபரில் உகந்தை பற்றி ஒரு பக்கம், நவம்பரில் இன்னொன்று, ஆங்கிலத்தில். அடுத்த சீசனில் ஐந்து நல்ல லிங்க் வந்தால் போதும். அறை இருப்பது ஆறுதானே. செர்ச் கன்சோலை மாதம் ஒருமுறை பாருங்கள், தினமும் பார்த்தால் பிரஷர்தான் ஏறும்.

காக்காவின் கதை வேறு. மேப் அவருக்குப் பெரிதாக உதவாது. வாங்குகிறவர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். "கைத்தறிச் சேலை" என்று தமிழில் தேடினால் தமிழ்நாட்டுக் கடைகளோடு மோத வேண்டும், அது வெல்ல முடியாத சண்டை. "சாரம்" என்று மட்டும் போட்டால் கூகுள் கவிதையின் சாரம், பாடத்தின் சாரம் என்று எடுத்துப்போடுகிறது. தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் லுங்கி, கைலி. "மருதமுனைச் சாரம்" என்று ஊரையும் சேர்த்துத் தேடுகிறவர் குறைவுதான், ஆனால் அவர் வாங்கத்தான் தேடுகிறார். ஆகவே அந்த இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டு, நூல் வாங்குவதிலிருந்து தறியிலிருந்து இறக்குவது வரை, அவர் கையாலேயே எடுத்த படங்களோடு ஒரு நீண்ட பக்கம். நெசவு பற்றி எழுதுகிறவர்களுக்கு லிங்க் கொடுக்க இங்கே உண்மையாகவே ஏதோ இருக்கும். பெருநாளுக்கு மட்டும் கொஞ்சம் விளம்பரம்.

"அப்ப அந்த லிங்க்காரனுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டார். அவர்களுடைய சொந்தத் தளம் எந்தச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் வருகிறது என்று மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டாராம். "மனேஜரிட்டக் கேட்டுட்டு எடுக்கிறன்" என்று போனை வைத்தார்களாம். இன்னும் எடுக்கவில்லை.